டம்ளரும் வடையும் இல்லாத வரைபடம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசித்து எடுக்கவில்லை. பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது பொளேரென்று முகத்தில் அறைந்த மாதிரி வந்தது.

கிழக்கேகோட்டையில் ஏறி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். கரமனைப் பாலத்துக்கு முன்னால் வழக்கம்போல வண்டிகள் நின்றுவிட்டன. எதிரே, ஆற்றுக்கு இறங்கும் சந்தின் முனையில், புத்தம்புது எவர்சில்வர் தட்டுக்கடை, தெருவோரம் தோசையும் பரோட்டாவும் போட்டு விற்பார்களே, அந்த மாதிரி. சாயங்கால வெயிலில் கண் கூசியது. தகடு அடைத்த பெட்டி. முன்பக்கம் மட்டும் இடுப்புயரத்தில் பலகை வைத்துத் திறந்திருந்தது. உள்ளே வெள்ளைச் சட்டை போட்ட ஒரு ஆள். சட்டையின் குறுக்கே, நெஞ்சுக்குக் கீழே, ரூல்தடி வைத்து இழுத்த மாதிரி ஒரு அழுக்குக் கோடு. வெளியே, வேடிக்கை பார்க்கிற கூட்டத்துக்கு முன்னால், கையில் சாக்பீஸோடு ஒரு பெண். முன்தகட்டின் கீழ்மூலையில் படுத்துக்கிடக்கிற டம்ளர் ஒன்றும், பக்கத்தில் வடை ஒன்றும் வரைந்திருந்தாள். விலைப்பட்டியல் எழுத ஆரம்பிக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். பலகையில் ஒரு ஊன்றுகோல் சாய்த்து வைத்திருந்தது, கக்கத்தில் இடுக்கி நடப்பார்களே, அது.

சரி, புதுக்கடை, யாரோ நன்றாகப் பிழைக்கட்டும் என்று பார்வையை நகர்த்தினேன். பெட்டியின் வலப்பக்கம் ஒரு மார்பளவு மதில். மதிலுக்கு மேலே பெட்டியின் கதவு தெரிந்தது. வெளியே திறக்கிற கதவு. அதன் கைப்பிடி மதிலில் முட்டிக்கொண்டு நின்றது. ஒரு பூனை நுழையலாம், ஆள் நுழைய முடியாது. வேறு கதவு என் கண்ணில் படவில்லை.

அப்படியானால் அந்த ஆள் உள்ளே எப்படிப் போனான்? அதுவும் ஊன்றுகோலை வெளியே வைத்துவிட்டு?

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சட்டென்று எழுந்து நின்றுவிட்டேன். பின்சீட்டுக்காரர் மலையாளத்தில், "இறங்கணோ?" என்று கேட்டார். இல்லை என்று உட்கார்ந்தேன். பஸ் கிளம்பிவிட்டது. இறங்கிப்போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அன்று விழுந்த அடி இன்னும் எனக்குள் அதிர்ந்துகொண்டிருக்கிறது.

2

தொடக்கம், முதல் முயற்சி: "பூமாரி அன்று காலை எழுந்தபோது வானம்…" வேண்டாம். வானத்தில் தொடங்கும் கதையை நானே படிக்க மாட்டேன்.

இரண்டாம் முயற்சி: "எல்லாவற்றுக்கும் ஒரு மறுபக்கம்…" அடச்சே.

மூன்றாம் முயற்சி: "ஒரு பெண் தப்பாக வரைந்த வாசலால்…" இதில் எடுத்த எடுப்பிலேயே தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது. தப்பு அவளுடையதுதானா என்று எனக்கு இன்னும் தெரியாது.

(எங்கள் பக்கத்து வீட்டில் ஜெஸ்லின் என்று ஒருத்தி. இன்ஜினியர் ஆபீஸில் பிளான் வரைகிறவள். பஸ்ஸில் பார்த்ததை அவளிடம் சொன்னேன். மற்றதையெல்லாம் உச்சுக்கொட்டிக் கேட்டவள், டம்ளரும் வடையும் என்றதும் திடுக்கிட்டு, "திரும்பச் சொல்லுங்க" என்றாள். பிறகு அவள் சொன்னதுதான் இந்தக் கதைக்கு அஸ்திவாரம். அதை இப்போது சொல்ல மாட்டேன்.)

ஆகவே தொடக்கத்தைத் தள்ளிவைத்துவிட்டு ஆட்களைச் சொல்கிறேன். பெயரெல்லாம் நான் வைத்தவை. அந்தப் பெண் பூமாரி, கடையநல்லூர்ப் பக்கம். கிழக்கேகோட்டையில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் பெருக்கித் துடைத்து, எல்லாருக்கும் சாயா போட்டுக் கொடுக்கிறாள். அவள் புருஷன் வன்னியராஜ். ஓட்டலில் பரோட்டா மாஸ்டராக இருந்தவன். அந்த ஓட்டலின் பின்முற்றத்தில் லாரி ஒன்று ரிவர்ஸில் வந்து மோதியதில் ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. [எந்தக் கால்? ஒரு பிரதியில் வலது என்றும் இன்னொரு பிரதியில் இடது என்றும் எழுதியிருக்கிறேன். பூமாரி பார்த்தால் என்னைச் சும்மா விடமாட்டாள்.]

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று, கரமனையில் அவர்கள் குடியிருக்கும் மாடி அறைக்கு அவனை நாலு பேர் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். அந்த வளவில் குடியிருந்த எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். ஒரு குழந்தை சிரித்தது. அறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்தவன் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"இனி என்னை ஒருத்தனும் தூக்கப்பிடாது."

அன்றிலிருந்து அவன் படி இறங்கவில்லை. கூப்பிட்டுப் பார்த்தாள், கெஞ்சினாள், சண்டை போட்டாள், இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் சந்து முனையில் தட்டுக்கடை போட இடம் கிடைத்தபோது மட்டும் முகத்தைத் திருப்பிக் கேட்டான்.

"யாரும் கைகொடுக்காம நான் உள்ள போற மாரி இருக்குமா?"

"இருக்கும்" என்றாள் பூமாரி. எப்படி இருக்கும் என்று அவளுக்கே தெரியாது.

3

விற்பனைக்கு நிற்கிற தட்டுக்கடை எதுவும் அவனுக்கு ஆகாது. எல்லாவற்றிலும் உயரமான படி, குறுகலான கதவு. செய்து தருகிறவர்களிடம் வாயால் சொன்னால் தலையை ஆட்டிவிட்டு அதே படியைத்தான் வைப்பார்கள். வரைந்து கொடுத்தால் மாற்ற முடியாது என்று அவளுக்குத் தோன்றியது. பயிற்சி நிலையத்தில் சாயங்காலம் படம் வரையும் வகுப்பு நடத்துகிற நீதுவிடம் போய் நின்றாள்.

நீது பாலிடெக்னிக் முடித்த சின்னப்பெண், பூமாரியைவிடப் பத்து வயதாவது இளையவள். "சேச்சி பின்னாடி இருந்தோளூ" என்று உட்கார ஒரு பெஞ்சைக் காட்டினாள்.

வகுப்பு பூமாரிக்குப் பிடித்துப்போனது. தாளை மூலைக்கு மூலை இழுத்து ஒட்டுவது பிடித்தது. பென்சிலை விரலுக்குள் உருட்டிக்கொண்டே இழுத்தால் கோடு ஒரே கனத்தில் வரும் என்பதை அவள் கை ஒரே நாளில் கற்றுக்கொண்டது. கண்ணுக்குத் தெரிகிற விளிம்புக்கு முழுக்கோடு, பின்னால் மறைந்திருப்பதற்கு விட்டுவிட்டு வரும் கோடு. மறைந்திருப்பதையும் மறக்காமல் வரைய வேண்டும் என்று நீது சொன்னபோது, அட, இது நல்ல படிப்பாக இருக்கிறதே என்று நினைத்தாள்.

அதற்குப் பிறகு வந்தது முதல் அதிர்ச்சி. படிக்கட்டு மாதிரி வெட்டிய தெர்மகோல் துண்டு ஒன்றை நீது மேஜையில் வைத்தாள். முன்னாலிருந்து பார்த்ததை நடுவில் வரைந்தாள். மேலேயிருந்து பார்த்ததை அதற்குக் கீழே வரைந்தாள். இடப்பக்கமிருந்து பார்த்ததை வலப்பக்கத்தில் வரைந்தாள்.

பூமாரி பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். "டீச்சரே, மேல உள்ளது எப்படி கீழ வரும்? இடது எப்படி வலதுக்குப் போவும்?"

பையன்கள் சிரித்தார்கள். நீது சிரிக்கவில்லை. தெர்மகோலை எடுத்து, முன்முகம் மேலே பார்க்கும்படி தாளில் வைத்தாள். வலப்பக்கமாக ஒரு புரட்டுப் புரட்டினாள். அதன் இடப்பக்கம் இப்போது மேலே வந்து பூமாரியைப் பார்த்தது.

"புரட்டினால் எது தெரியுமோ, அதை அவிடெ வரைக்கணும். இதாணு ஃபர்ஸ்ட் ஆங்கிள். மனஸிலாயோ சேச்சி?"

மனசிலானது. ஆனாலும் அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது, இத்தனை நாள் இடம் வலம் என்று தான் நம்பியிருந்ததெல்லாம் என்ன என்று அவளுக்குச் சந்தேகமாகிவிட்டது. அடுக்களையில் ஏலக்காய் டப்பாவை எடுத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். கட்டிலிலிருந்து வன்னியராஜ் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டப்பாவுல என்ன தேடுத?"

"இடதுபக்கத்தத் தேடுதேன்" என்றாள். அவன் உதட்டோரம் லேசாக அசைந்தது. சிரிப்பு என்று சொல்ல மாட்டேன். இவ்வளவு சீக்கிரம் அவனைச் சிரிக்கவைத்தால் கதை கெட்டுவிடும்.

4

இனி டம்ளரும் வடையும்.

நீது வரைகிற ஒவ்வொரு தாளின் கீழ்மூலையிலும் அந்த இரண்டும் இருக்கும். ஒரு பக்கம் அகலமும் மறுபக்கம் குறுகலுமாகப் படுக்கவைத்த டம்ளர். பக்கத்தில் வட்டத்துக்குள் வட்டம், அசல் உளுந்தவடை. அது என்ன என்று வகுப்பில் விளக்கிய அன்று, மானேஜருக்கு விருந்தாளி வந்துவிட்டார் என்று பூமாரியைப் பாதியில் எழுப்பிச் சாயா போடச் சொல்லிவிட்டார்கள். அவள் திரும்பி வந்தபோது கரும்பலகையில் டம்ளரும் வடையும் இருந்தன, பையன்கள் அவளைப் பார்த்து, "சேச்சியுடெ கடையில் ஞங்ஙளுக்கு ஃப்ரீ அல்லே?" என்று ஓசி கேட்டார்கள்.

பாவி மகள் வேறு என்ன நினைப்பாள்? தட்டுக்கடை வைக்கப் போகிறவளைக் கேலி செய்ய வரைந்தது என்றுதான் நினைத்தாள். நீதுவுமா இப்படி என்று மனசு சுருங்கிப்போனது. கேட்கவில்லை. தன் தாளில் மட்டும் அதை ஒருநாளும் போடுவதில்லை என்று வைராக்கியமாக இருந்துவிட்டாள். மறந்துவிட்டாள் என்று நீதுவும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

(ஜெஸ்லின் இந்த இடத்தைப் படித்துவிட்டு, "டீச்சர் கண்டிப்பா மார்க் குறைச்சிருப்பாங்க" என்றாள். குறைத்திருக்கலாம். சாயா போடுகிறவளுக்கு யார் மார்க் போடுகிறார்கள்?)

கடையை வரைந்து முடிக்க அவளுக்கு மழைக்காலம் முழுக்கப் பிடித்தது. வன்னியராஜைச் சுவரோரம் நிற்கவைத்து அளந்தாள். அவன் கை எட்டுகிற உயரம், உட்கார வேண்டிய உயரம், தோசைக்கல்லுக்கும் இடுப்புக்கும் உள்ள தூரம். முதலில் முறைத்தவன் பிறகு, "இன்னும் ரெண்டு விரக்கடை தாழ்த்து" என்று தானே சொல்ல ஆரம்பித்தான். வலப்பக்கம் மதில் வருவதால் வாசல் இடப்பக்கத் தகட்டில். படி கிடையாது. ஊன்றுகோலோடு நுழைகிற அகலம். உள்ளே இருபுறமும் பிடித்துக்கொள்ளக் குழாய். அந்த வாசலைத்தான் அவள் எல்லாவற்றிலும் அழகாக வரைந்தாள். அது அவன் யார் கையும் படாமல் வேலைக்குப் போகிற வழி.

எதிர்த்தோற்றம், அதாவது முன்னாலிருந்து பார்ப்பது, நடுவில். இடப்பக்கத் தோற்றம், வாசலோடு, வலப்பக்கத்தில். கற்றுக்கொடுத்தபடியே, தப்பில்லாமல். ஒவ்வொன்றின் அடியிலும் அது எந்தப் பக்கம் என்று தமிழில் எழுதியிருந்தாள். ஒர்க்‌ஷாப் நடத்துகிற, கடையைச் செய்து தரப்போகிற ஸ்ரீஜித்துக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, சிரிப்பானோ என்று கடைசியில் அழித்துவிட்டாள். தாள் சுத்தமாக இருந்தது.

ஐயோ, அந்தச் சுத்தம்.

5

கடை வந்து இறங்கிய அன்று வன்னியராஜ் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டான். மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு படியாகத் தானே இறங்கினான். பூமாரி ஊன்றுகோலை வைத்துக்கொண்டு பின்னால் வந்தாள். தொடவில்லை. ஆட்டோவில் ஏறினதும் தானேதான்.

சந்து முனையில் ஸ்ரீஜித் நின்றுகொண்டிருந்தான். மஸ்கட்டில் வேலை பார்த்துவிட்டு வந்தவன், கைவேலையில் கெட்டி. "சேச்சி சொன்ன மாதிரி மதிலோடு சேர்த்து உறப்பிச்சாச்சு. காலெல்லாம் கான்கிரீட், இனி நகராது" என்றான்.

பூமாரி இடப்பக்கம் போனாள். வழவழவென்று தகடு. அவள் முகம் அதில் தெரிந்தது. வாசல் இல்லை.

ஓடிப்போய் வலப்பக்கம் எட்டிப் பார்த்தாள். மதிலுக்கும் தகட்டுக்கும் நடுவே, அவள் வரைந்த அதே வாசல், அதே அகலம், அதே குழாய்கள், மதிலில் முட்டிக்கொண்டு.

"வாசல் எதுக்கு இங்க வச்சிய?" என்றாள்.

ஸ்ரீஜித் போனில் எடுத்து வைத்திருந்த அவள் படத்தைக் காட்டினான். "சேச்சி வரைஞ்சது போலத்தன்னெ. நோக்கூ, வாதில் வலத்தே சைடு அல்லே?"

"வலது பக்கம் போட்டா அது இடது பக்கம்." சொல்லும்போதே அது பைத்தியக்காரப் பேச்சாக அவள் காதிலேயே விழுந்தது.

அவனுக்குப் புரிந்துவிட்டது. முகம் வெளிறியது. "ஃபர்ஸ்ட் ஆங்கிளா? எங்களுக்கு மஸ்கட்டில் எல்லாம் தேர்ட் ஆங்கிள் சேச்சி. வலத்தே வரைஞ்சா வலத்தேதான். எது ஆங்கிள்னு காட்டுற சிம்பல் இதுல இல்லையே."

"என்ன சிம்பலு?"

அவன் குனிந்து மண்ணில் விரலால் வரைந்தான். படுத்துக்கிடக்கிற டம்ளர். பக்கத்தில் வட்டத்துக்குள் வட்டம்.

பூமாரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மழைக்காலம் முழுக்க ஒவ்வொரு தாளிலும் அது அவள் கண்ணெதிரே இருந்தது. கேலி என்று நினைத்தாளே. ஒரு தரம் வாய்விட்டுக் கேட்டிருந்தால் போதுமே.

"கதவு மதில்ல முட்டுதேன்னு உங்களுக்குத் தோணலையா தம்பி?"

"தோணிச்சு" என்றான் ஸ்ரீஜித், மெதுவாக. "பக்ஷே எல்லாரும் வாயாலதான் சொல்லும். சேச்சி மட்டும் அத்தனை நல்லா வரைஞ்சு தந்தது. இதுல எதோ காரணம் இருக்கும்னு வச்சேன்."

இதற்குள் கூட்டம் கூடிவிட்டது. கடைக்காரர்கள், ஆட்டோக்காரர், ஆற்றில் குளித்துவிட்டு வந்தவர்கள். யாரோ தமிழில் சொன்னார்கள், நல்ல மனசோடுதான் சொன்னார்கள்: "அதுக்கென்ன, நாலு பேரு பிடிச்சா அண்ணனைத் தூக்கி உள்ள வச்சிரலாம்."

பூமாரி திரும்பி வன்னியராஜைப் பார்த்தாள். அவன் முகம், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று இருந்த அதே முகம்.

6

இங்கே நான் பல நாள் நின்றுவிட்டேன்.

(அ) நாலு பேரும் அவனைத் தூக்கி, பலகை வழியாக உள்ளே இறக்கினார்கள். பூமாரி கண்ணை… [அடித்துவிட்டேன். நாலு பேர் தூக்கினால் சட்டை கக்கத்தில் கசங்கும். நான் பார்த்த சட்டையில் கக்கம் கசங்கவில்லை.]

(ஆ) வன்னியராஜ் ஆட்டோவைத் திருப்பச் சொன்னான். அதற்குப் பிறகு அவன் அந்த அறையை விட்டு… [இதை முழுக்க எழுதி, எழுதிய பிறகு கொஞ்சம் அழவும் செய்தேன். ஆனால் அவன் உள்ளே இருந்தான். என் கண்ணால் பார்த்தேன். எனக்கு அழுகை வருகிறது என்பதற்காகப் பார்த்ததை மாற்ற முடியாது.]

பிறகுதான் அந்த அழுக்குக் கோடு நினைவுக்கு வந்தது. நெஞ்சுக்குக் கீழே, குறுக்கே, நேராக. பலகை விளிம்பு பதிந்தால்தான் அப்படி ஒரு கோடு விழும். இதை நான் கற்பனை செய்திருக்க மாட்டேன். அவ்வளவு துணிச்சல் என் எழுத்துக்குக் கிடையாது.

(இ) நாலு பேர் நெருங்கி வந்தார்கள். வன்னியராஜ் கையை உயர்த்தி நிறுத்தினான். ஊன்றுகோலைப் பலகையில் சாய்த்தான். இரண்டு உள்ளங்கையையும் விளிம்பில் ஊன்றினான். வருஷக்கணக்கில் மைதா மாவை அடித்து வீசிய கைகள். ஒரு தம் பிடித்து எம்பினான்.

நெஞ்சு பலகையில் விழுந்தது. பாதி உடம்பு உள்ளே, பாதி வெளியே. இருக்கிற ஒரு கால் காற்றில் பிடிமானம் தேடி உதைத்தது. மடித்துத் தைத்த கால்சட்டை நுனியை ஊரே பார்த்தது. பூமாரி ஓடிப்போய்ப் பிடிக்க எழுந்தவள், பிடிக்கக் கூடாது என்று தன் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். அவன் இன்னொரு தரம் எம்பினான். தலைகுப்புற உள்ளே போய் விழுந்தான். பாத்திரங்கள் சரிந்து தடதடவென்று உருண்டன.

பிறகு சத்தமே இல்லை.

செத்துப்போனான் என்றே பூமாரி நினைத்தாள். நானும் நினைத்தேன்.

முதலில் ஒரு கை விளிம்பைப் பிடித்தது. பிறகு தலை. பிறகு வெள்ளைச் சட்டை, குறுக்கே கோட்டோடு. அவள் அளந்து வரைந்தபடி போட்ட ஸ்டூலில் உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தான். கடைசியாக அவளை.

"மாரி."

"என்னங்க."

"ஏறினது கோவத்துல. இறங்கதுக்கு வாசல் வேணும்லா?"

அவள் கண்ணீர் பாட்டுக்கு வழிந்தது.

"நீதான வரையணும். வேற யாரு வரைவா?"

ஸ்ரீஜித் ஏற்கெனவே தகடு அறுக்கிற மெஷினை வண்டியிலிருந்து இறக்கியிருந்தான். சாக்பீஸ் ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினான். "சேச்சி வரைஞ்சா மதி, அது போதும். இப்பவே அறுத்துத் தாரேன்."

பூமாரி வாங்கினாள். இடப்பக்கம் போகவில்லை. முதலில் முன்தகட்டின் அடியில் குத்தவைத்து உட்கார்ந்து, கீழ்மூலையில், டம்ளரைப் படுக்கவைத்து வரைந்தாள். பக்கத்தில் வடை. எழுந்து நின்றாள்.

அப்போதுதான் என் பஸ் பாலத்துக்கு முன்னால் வந்து நின்றது.

7

அவள் இடப்பக்கம் போய் வரைந்தாளா, அந்தத் தகட்டில் வாசல் விழுந்ததா, அவன் யார் கையும் படாமல் இறங்கினானா, எனக்குத் தெரியாது. பஸ் நின்ற இடத்திலிருந்து முன்பக்கமும் வலப்பக்கமும்தான் தெரிந்தன.

போய்ப் பார்த்துவிடலாமே என்பீர்கள். கரமனை எனக்குக் கூப்பிடு தூரம். நான் போகவில்லை, போகவும் மாட்டேன். பயமாக இருக்கிறது. அந்த இடப்பக்கத் தகடு இன்னும் வழவழவென்று என் முகத்தைக் காட்டினால் என்ன செய்வேன்? இப்போதெல்லாம் வேறு வழியாகச் சுற்றிக்கொண்டுதான் வீட்டுக்கு வருகிறேன். ஜெஸ்லின் மட்டும் பார்த்துவிட்டு வந்தாள். சொல்ல வாயெடுத்தாள். சொல்லாதே என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன்.

எதிர்த்தோற்றத்தைக் கொடுத்துவிட்டேன். வலப்பக்கத்தையும் கொடுத்துவிட்டேன். மிச்சம் ஒன்றுதான் இருக்கிறது. இந்தப் பக்கத்தின் வலது ஓரம் காலியாகக் கிடக்கிறது பாருங்கள், இடப்பக்கத் தோற்றம் அங்கேதான் வரும். பென்சிலை விரலுக்குள் உருட்டிக்கொண்டே இழுங்கள். படி வைக்காதீர்கள். ஊன்றுகோல் நுழைகிற அகலம் இருக்கட்டும். கீழ்மூலையில் டம்ளரையும் வடையையும் போட்டுவிடுங்கள்.

கொஞ்சம் சீக்கிரம். அந்த ஆள் உள்ளே உட்கார்ந்திருக்கிறான்.